துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த மருத்துவர்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு அத்தியாயத்தைப் பற்றி ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பேசுவதா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். பேசலாம். ஒரு நாவலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கொடுத்தாலே போதும், நல்ல அத்தியாயம் தன் எலும்பையும் நரம்பையும் காட்டிவிடும். மோசமான அத்தியாயம் இன்னும் சீக்கிரமாகவே காட்டிவிடும். நான் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டுக்கும் நடுவே நிற்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும். பார்த்து முடித்த பிறகு கோபம் வரும். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பேச்சு.

'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2004 நவம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2012 மே வரை எட்டுப் பருவங்கள் ஓடியது. மொத்தம் 177 அத்தியாயங்கள். டேவிட் ஷோர் உருவாக்கியது. நியூ ஜெர்சியில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கற்பனை மருத்துவமனை. அதில் வலது கால் ஊனத்தோடு, வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, எல்லோரையும் குத்திப் பேசிக்கொண்டு திரியும் கிரெகரி ஹவுஸ் என்ற மருத்துவர். ஹ்யூ லாரி என்ற ஆங்கிலேயர் அமெரிக்க உச்சரிப்பில் நடித்தார். ஷெர்லாக் ஹோம்ஸைத்தான் வெள்ளைக் கோட்டு கூடப் போடாத மருத்துவராக மாற்றியிருக்கிறார்கள். ஹோம்ஸுக்கு வாட்சன், ஹவுஸுக்கு வில்சன். குற்றவாளிக்குப் பதில் நோய்.

2008 நவம்பர் 25 அன்று ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தின் பெயர் 'லாஸ்ட் ரிசார்ட்'. கேட்டி ஜேக்கப்ஸ் இயக்கியது. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது.

ஜேசன் என்ற மனிதன் துப்பாக்கியோடு மருத்துவமனைக்குள் வருகிறான். நீண்ட நாள் நோயாளி. மூச்சு முட்டுகிறது, களைப்பு, உடம்பில் இன்னும் என்னென்னவோ. மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தாயிற்று. ஒருவராலும் என்ன நோய் என்று சொல்ல முடியவில்லை. டீன் லிசா கட்டியின் அறைக்குள் ஹவுஸையும், அவருடைய குழுவைச் சேர்ந்த 'தர்ட்டீன்' என்ற இளம் மருத்துவரையும், ஒரு செவிலியையும், அங்கே அகப்பட்ட நோயாளிகளையும் பிடித்துவைத்துக்கொள்கிறான். அவன் பணம் கேட்கவில்லை. விமானம் கேட்கவில்லை. சிறையில் இருக்கும் யாரையும் விடச் சொல்லவில்லை. எனக்கு என்ன நோய் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் என்கிறான்.

இதைவிட நல்ல தொடக்கம் ஒரு மருத்துவத் தொடருக்குக் கிடைக்காது. தொடரின் ஒவ்வொரு அத்தியாயமும் 'இவருக்கு என்ன நோய்?' என்ற கேள்விதான். வழக்கமாக அதைக் கேட்பவர் ஹவுஸ்; நோயாளி படுத்துக் கிடப்பார். இங்கே நோயாளி எழுந்து நின்று, துப்பாக்கியை நீட்டி, அதே கேள்வியைக் கேட்கிறான். எழுதியவர்கள் இதைக் கண்டுபிடித்த கணத்தில் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள்.

அடுத்து இன்னொரு விதியைச் சேர்க்கிறார்கள். எந்த மருந்தைக் கொடுத்தாலும் முதலில் வேறொருவர் உடம்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறான் ஜேசன். மருந்து என்ற பெயரில் மயக்க ஊசி போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. நியாயமான பயமும்கூட. ஆக, ஒவ்வொரு மருத்துவ ஊகத்துக்கும் இன்னொருவர் உடல் விலை. அந்த விலையைக் கொடுக்கத் தானாக முன்வருகிறாள் தர்ட்டீன். அவளுக்கு ஹன்டிங்டன் நோய் உண்டு என்று அதற்கு முந்தைய பருவத்தின் முடிவிலேயே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்புள்ள மரபணு நோய் அது; மூளையை மெல்ல மெல்ல அரிக்கும், குணமாக்க மருந்து கிடையாது. எப்படியும் சாகப் போகிறோம் என்று கண்டபடி வாழ்ந்துகொண்டிருப்பவள். ஊசிக்கு மேல் ஊசியாக ஏற்றிக்கொண்டதில் சிறுநீரகம் தடுமாறத் தொடங்குகிறது. கடைசி மருந்தை அவள் போட்டுக்கொண்டால் உயிர் போகும் என்ற கட்டம் வருகிறது.

இதுவரை கட்டுமானத்தில் எனக்குக் குறையில்லை. அமெரிக்கச் சேனல்களில் ஒரு மணி நேர நாடகம் என்றால் விளம்பரம் போக நாற்பத்துச் சொச்சம் நிமிடம்தான். ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் முன்னால் பார்ப்பவரை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். 'அடுத்த ஊசி யாருக்கு' என்ற கேள்வி அதைச் சிரமமில்லாமல் செய்துவிடுகிறது.

ஜேசனாக நடித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஷெல்கோ இவானெக். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் பிறந்தவர். 'டேமேஜஸ்' தொடருக்காக எம்மி விருது வாங்கிய இரண்டே மாதத்தில் இந்த அத்தியாயம் வந்தது. பணயம் பிடிப்பவன் என்றால் கண்ணை உருட்ட வேண்டும், கத்த வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இவர் அரசு ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறையாகத் தவறான வரிசையில் நிறுத்தப்பட்டவர் போல இருக்கிறார். சோர்வு, எரிச்சல், கொஞ்சம் வெட்கம். துப்பாக்கி அவர் கையில் அந்நியமாக இருக்கிறது. ஆனால் விடவும் மாட்டார். அத்தியாயத்தைத் தாங்குவது அந்தச் சோர்ந்த முகம்தான்.

இப்போது நடுவில் வரும் ஒரு காட்சியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நுரையீரலைப் பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஜேசனை ஹவுஸ் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகிறார். இயந்திரத்துக்குள் துப்பாக்கியோடு படுத்தால் உலோகம் படத்தைக் கெடுத்துவிடும். துப்பாக்கியைக் கொடுத்தால்தான் படம் தெளிவாக வரும். ஜேசன் தயங்குகிறான். பிறகு கொடுத்துவிடுகிறான். நம் மார்பில் அடைத்திருந்தது இறங்குகிறது, அப்பாடா, முடிந்தது. ஆனால் ஸ்கேனில் விடை இல்லை. ஹவுஸ் கையில் துப்பாக்கி இருக்கிறது, வெளியே போலீஸ் நிற்கிறது, ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் அந்தத் துப்பாக்கியை ஜேசனிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

2008-இல் பார்த்தவர்கள் இந்த இடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள். இன்றும் திட்டலாம். வழக்கமான விளக்கம் உங்களுக்கே தெரியும்: ஹவுஸ் புதிருக்கு அடிமை, புதிர் முடியும் முன் ஆட்டம் கலைவதை அவரால் பொறுக்க முடியாது, உண்மையான பணயக்கைதி அவர்தான், பிடித்து வைத்திருப்பது அவர் புத்தி. இது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிகவும் வசதியான விளக்கம். ஹவுஸின் கோணலைப் பற்றிப் பேசிவிட்டால், அந்தச் செயலில் இருக்கும் சங்கடமான உண்மையைப் பேச வேண்டியதில்லை அல்லவா?

அந்த உண்மை இது. துப்பாக்கி போன மறுகணம் ஜேசன் நோயாளியாக இருக்க மாட்டான், கைதி ஆகிவிடுவான். விலங்கு போடுவார்கள், சிறைக்கு அனுப்புவார்கள், அங்கே யாரும் அவன் நுரையீரலை யோசிக்க மாட்டார்கள். துப்பாக்கி இருக்கும் வரைக்கும்தான் ஒரு மருத்துவமனையின் சிறந்த மூளைகள் அத்தனையும் வேறு வேலை இல்லாமல் இவன் ஒருவனைப் பற்றி மட்டும் சிந்திக்கின்றன. இத்தனை மருத்துவரிடம் போயும் கிடைக்காதது துப்பாக்கியால் ஒரு நாளில் கிடைக்கிறது. ஹவுஸ் அதைத் தெரிந்தேதான் திருப்பிக் கொடுக்கிறார். அத்தியாயத்திலேயே துணிச்சலான காட்சி இதுதான் என்பேன். மருத்துவமனை யாரைக் கேட்கிறது, யாரைக் கேட்பதில்லை என்ற பெரிய கேள்வி அந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது.

துணிச்சலாகத் தொடங்கிய அந்தக் கேள்வியை அத்தியாயம் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது. இது என் முதல் கோபம்.

2002-இல் வந்த 'ஜான் கியூ' படத்தை நினைத்துப் பாருங்கள். டென்சல் வாஷிங்டன் நடித்தது. மகனுக்கு இதய மாற்று அறுவை வேண்டும். காப்பீடு கை விரித்துவிடுகிறது. தந்தை அவசர சிகிச்சைப் பிரிவைப் பிடித்துவைக்கிறான். கலையாகப் பார்த்தால் சுமாரான படம். கண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுவார்கள். ஆனால் எதிரி யார் என்று அந்தப் படத்துக்குத் தெரியும்: காசு இல்லாதவனுக்கு இதயம் கிடையாது என்று சொல்லும் ஏற்பாடு. 'லாஸ்ட் ரிசார்ட்'டில் ஜேசனைத் துப்பாக்கி தூக்க வைத்தது எது? அலட்சியமா, பணமா, மருத்துவக் கல்வியின் ஓட்டையா? பதில் வராது. ஹவுஸ் கெட்டிக்காரர், மற்றவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கோபம் பெரியது. அந்த அறையில் இருந்த மற்றவர்கள் யார்?

அத்தியாயம் முடிந்ததும் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். ஜேசன் நினைவிருப்பான், ஹவுஸ், தர்ட்டீன். பிடித்துவைக்கப்பட்ட மற்றவர்களில் எத்தனை பேர் பெயரைச் சொல்ல முடியும்? அவர்கள் சில்லறைக் காசுகள். ஒரு மருந்து வேண்டும் என்றால் ஒருவரை வெளியே விடுவது, ஒரு பரிசோதனை வேண்டும் என்றால் இன்னொருவரை விடுவது. ஒவ்வொருவராகக் குறையக் குறைய அறை காலியாகிறது, முக்கியமானவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். திரைக்கதைக்கு அது வசதி. ஆனால் தங்கள் உயிரை வைத்து அடுத்தவர் சூதாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காதா? ஹவுஸ் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார் என்று தெரிந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

நிஜத்தில் பணயக்கைதிகள் பேசாமல் இருப்பதில்லை. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் நான்கு ஊழியர்களை ஆறு நாள் பிடித்துவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 'ஸ்டாக்ஹோம் நோய்க்குறி' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நான்கு பேரில் கிறிஸ்டின் என்மார்க் என்ற இளம் பெண் உள்ளேயிருந்து சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேவுக்கே தொலைபேசியில் பேசினார். பிடித்துவைத்தவர்களைவிட வெளியே நிற்கும் போலீஸ் அவசரப்பட்டு என்ன செய்துவிடுமோ என்றுதான் தனக்குப் பயம் என்று வாதாடினார். கொள்ளையரோடு தங்களை வெளியே விடச் சொன்னார். பின்னாளில் உலகம் அதற்கு ஒரு நோயின் பெயர் சூட்டிவிட்டது. அவர் நிலைமையை எடைபோட்டுச் சொன்ன கணக்கு அது என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. எப்படியானாலும், துப்பாக்கி முனையில் இருந்துகொண்டு பிரதமரோடு மல்லுக்கு நின்ற ஒரு வங்கி ஊழியர்! எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்கும் கிடைக்காத பாத்திரம். நம் ராதா மோகன் 2011-இல் எடுத்த 'பயணம்' படத்தில் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளுக்குத்தான் கதையில் பாதி. அந்த எளிய விஷயம் நியூ ஜெர்சி மருத்துவமனையில் யாருக்கும் தோன்றவில்லை.

பேச்சுவார்த்தை நடத்தும் போலீஸ்காரர்களும் அப்படித்தான். இந்தத் தொழில் ஒன்றும் காலங்காலமாக இருந்தது அல்ல. 1972-இல் மூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களுமாகப் பதினொரு பேர் கொல்லப்பட்டார்கள். அவசரமாகத் திட்டமிட்ட மீட்பு எவ்வளவு பெரிய சேதத்தில் முடியும் என்று அதன் பிறகுதான் உலகம் கவலைப்படத் தொடங்கியது. நியூயார்க் காவல்துறையில் ஹார்வி ஷ்லோஸ்பெர்க் என்றொரு துப்பறிவாளர், உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரும் ஃபிராங்க் போல்ஸும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். சுற்றி வளை, பேசு, காத்திரு. இதில் முக்கியமானது மூன்றாவது. நேரம் போகப் போக ஆத்திரம் தணியும், பசிக்கும், தூக்கம் வரும், மனிதன் பேரத்துக்கு இறங்குவான். 1973 ஜனவரியில் புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் நடந்த முற்றுகை 47 மணி நேரம் நீண்டது. தொடக்கத்தில் ஒரு காவலர் உயிரிழந்தும்கூட, உள்ளே பாய்ந்துவிடாமல் பொறுத்தார்கள். பணயக்கைதிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். அவர்களைப் பிடித்துவைத்தவர்களும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இந்தக் காத்திருப்புதான் தொலைக்காட்சிக்கு ஆகாதது. நாற்பத்தேழு மணி நேரத்தை நாற்பத்துச் சொச்சம் நிமிடத்தில் அடைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காத்திருப்பின் சுவையையாவது காட்டலாமே? காட்டியவர்கள் இருக்கிறார்கள். 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் 1994 அக்டோபரில் வந்த 'டுவேன் பாரி' அத்தியாயத்தைப் பாருங்கள். கிறிஸ் கார்ட்டர் எழுதி, முதல்முறையாக இயக்கியதும் அவரே. மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவன், ஒரு சாதாரணப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் ஆட்களைப் பிடித்துவைக்கிறான். வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிப்போன இடத்துக்கு மறுபடி போக வேண்டும், அந்த இடம் நினைவில்லை, அதனால் பயண ஏற்பாட்டு அலுவலகம்! சிரிப்பு வர வேண்டும்; வராது.

அங்கே சி.சி.ஹெச். பவுண்டர் நடிக்கும் லூசி கேஸ்டின் என்ற அதிகாரிதான் எனக்கு முக்கியம். பேச்சுவார்த்தைக்கு வரும் தொடரின் நாயகன் மல்டரிடம் அவள் சொல்வது எல்லாம் தொழில் பாடம். அவனுடைய பிரமைக்குத் தீனி போடாதே. அவனைச் சீண்டாதே. உள்ளே போனால் காதில் கேட்கும் குரல் சொல்வதை மட்டும் சொல். மல்டர் உள்ளே போய் அந்தப் பாடத்தை மீறுகிறான், ஏனென்றால் அவன் டுவேன் பாரியை நம்புகிறான். விதி என்னவென்று நமக்கு முதலிலேயே சொல்லிவிட்டதால், அது மீறப்படும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'லாஸ்ட் ரிசார்ட்'டில் விதி எது என்றே நமக்குத் தெரியாது. போலீஸ் கட்டடத்தின் ஒரு பகுதிபோல வெளியே நிற்கிறது, கடைசியில் சுவரைத் தகர்த்துக்கொண்டு வருவதற்காக. மீறுவதற்கு விதி இல்லாத இடத்தில் ஹவுஸின் மீறலுக்கு என்ன கனம் இருக்கும்?

இனி நோய்க்கு வருகிறேன். இங்கேதான் இந்த அத்தியாயம் நம் பக்கத்து மண்ணைத் தொடுகிறது.

ஜேசனுக்கு இருப்பது மெலியாய்டோசிஸ் என்று கடைசியில் தெரிகிறது. வெப்பமண்டல நோய். முதலில் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அவன் அப்படிப்பட்ட நாடுகளுக்குப் போனவன் இல்லை. பிறகுதான் ஃப்ளோரிடா பேச்சு வருகிறது. அதுவும் போதுமான வெப்பம்தான் என்று ஹவுஸ் முடிவு கட்டுகிறார்.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்த கதையை எடுத்தாலே தனித் தொடர் எழுதலாம். 1911, ரங்கூன். பொது மருத்துவமனையின் நோய்க்கூறியல் நிபுணர் ஆல்ஃபிரெட் விட்மோர். அவருடைய உதவி மருத்துவர் சி.எஸ். கிருஷ்ணசுவாமி. பிணப் பரிசோதனைகளில் நுரையீரலிலும் கல்லீரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகள். இறந்தவர்கள் பெரும்பாலும் ஆதரவற்றவர்கள், மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் போலத் தெரிந்தது, ஆனால் இவர்கள் குதிரை பக்கம் போனவர்கள் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. புது நோய் என்று 1912-இல் எழுதினார்கள். மருத்துவ நூல்களில் நெடுங்காலம் 'விட்மோர் நோய்' என்ற பெயர்தான் நின்றது. கூட உழைத்த கிருஷ்ணசுவாமியின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில்தான் மிச்சம்.

கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவரின் கீறல் வழியாக நுழையும், மூச்சு வழியாகவும் நுழையும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். காய்ச்சல், நுரையீரல் சளி, எடை குறைவு. பார்த்தால் அசல் காசநோய். கிருமி வளர்ப்புச் சோதனை செய்தாலும், பழக்கமில்லாத ஆய்வகத்தில் வேறு கிருமி என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. போன்ற நல்ல ஆய்வகம் உள்ள இடங்களில் கண்டுபிடிக்கிறார்கள். மற்ற இடங்களில் நோயாளி காசநோய் மாத்திரையைத் தின்றுகொண்டு மருத்துவர் மாற்றி மருத்துவரிடம் போகிறார். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே பல மருத்துவரைப் பார்த்தும் விடை கிடைக்காத ஜேசன் மிகைப்படுத்தல் அல்ல. எழுதியவர்கள் நோயைச் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ளோரிடா ஊகத்தைப் பார்த்து அப்போது சிரித்தவர்கள் உண்டு. பின்னால் நடந்ததைக் கேளுங்கள். 2021-இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் வெளிநாடே போகாத நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது, இருவர் இறந்தார்கள். காரணம் இந்தியாவில் தயாரான ஒரு நறுமணத் தெளிப்பான். அடுத்த ஆண்டு மிசிசிப்பி கடலோர மண்ணிலேயே அந்தக் கிருமி இருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உறுதி செய்தது. தொலைக்காட்சி ஊகம் பதினான்கு ஆண்டு முந்திக்கொண்டது.

ஆனால் சிகிச்சை? ஜேசன் கடைசி ஊசியைப் போட்டுக்கொள்கிறான். போலீஸ் பிடித்துப் போகும்போதே நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறான், அடைப்பு விலகிவிட்டது. நிஜத்தில் இந்த நோய்க்குக் குறைந்தது பத்து, பதினான்கு நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ மாத்திரை. நடுவில் விட்டால் திரும்ப வரும். மருத்துவ நுணுக்கம் பிசகியது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நாடகத்தில் நேரத்தைச் சுருக்கலாம். ஆனால் அந்த ஒரு மூச்சு நமக்கு என்ன சொல்கிறது? துப்பாக்கி தூக்கியவன் சரியாகத்தான் செய்தான், பார், பலன் கிடைத்துவிட்டது என்கிறது. பேச்சுவார்த்தைக்காரரின் காத்திருப்பையும் மருத்துவரின் காத்திருப்பையும் ஒரே வெட்டில் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஊசியை வைக்கிறது.

இதே கணக்கைத் தர்ட்டீனுக்கும் போடுகிறார்கள். மூன்றாவது கோபம் இதில். கடைசி ஊசியை நீ போட்டுக்கொள் என்று ஜேசன் சொல்லும்போது அவள் அழுகிறாள், சாக விருப்பமில்லை என்கிறாள். இத்தனை வாரம் சாவை நோக்கி ஓடியவளுக்கு வாழ ஆசை வந்துவிட்டது. ஜேசன் மனமிரங்கித் தானே போட்டுக்கொள்கிறான். பிறகு அவள் ஹன்டிங்டன் மருந்து ஆய்வில் சேர்ந்துகொள்கிறாள். ஒலிவியா வைல்ட் அந்த இடத்தில் நன்றாக நடித்திருக்கிறார். குரல் உடையும் இடம் எனக்குப் பிடிக்கும். இருந்தும் கேட்கிறேன்: துப்பாக்கி முனையில் வாழ்க்கைப் பாடம் கற்கும் பெண்ணைத் தொலைக்காட்சி எத்தனை முறை காட்டிவிட்டது? ஒருவன் அவள் உடம்பில் மருந்து மருந்தாக ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுத்து, சாவின் விளிம்பில் நிறுத்துகிறான். அது அவளுக்குச் சிகிச்சையாக அமைந்துவிடுகிறது. ஆக, ஒரே துப்பாக்கி இரண்டு பேரைக் குணப்படுத்திவிட்டது. எந்த மருந்துக் கம்பெனியும் இப்படி விளம்பரம் செய்ததில்லை.

அடுத்த வாரம் என்ன நடந்தது என்று தெரியுமா? டிசம்பர் 2 அன்று வந்த அத்தியாயத்தில் டீனின் அறை இடிந்து கிடப்பதால் அவர் ஹவுஸின் அறைக்குக் குடிவருகிறார். இருவருக்கும் நாற்காலிச் சண்டை. நகைச்சுவை நன்றாகவே இருக்கும். ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்த மருத்துவர் மேல் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. அந்த அறையில் அன்று உட்கார்ந்திருந்த நோயாளிகளில் ஒருவரையும் மறுபடி நாம் பார்ப்பதில்லை. முற்றுகையின் விளைவு ஒரு கட்டட மராமத்து.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதைப் பார்க்காதீர்கள் என்று சொல்வேனா? மாட்டேன். இவானெக்கின் முகத்துக்காகவும் அந்தத் துப்பாக்கிக் கைமாற்றத்துக்காகவும் கட்டாயம் பார்க்க வேண்டும். பரபரப்புக் கட்டுமானத்தில் பத்துக்கு எட்டு கொடுப்பேன். அந்தப் பரபரப்பை எதற்குச் செலவழித்தார்கள் என்று பார்த்தால் நான்குக்கு மேல் கை போக மறுக்கிறது. 'டுவேன் பாரி'யையும் இதையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதாக இதைப் பாருங்கள். பார்க்கும்போது ஹவுஸை விட்டுவிட்டு, பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். கேமரா அவர்கள் பக்கம் எப்போது திரும்புகிறது, எதற்காகத் திரும்புகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும், நான் கேட்க வேண்டும்.